ஏகமனதாக நின்ற ஆர்டிஸ்

2009ஆம் ஆண்டு மே மாதம் பதின்மூன்றாம் தேதி, புதன்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு, கெல்மர் நகரில் மூன்றாம் தெருவும் வால்நட் தெருவும் வெட்டிக்கொள்கிற மூலைக்கு வந்து நின்ற ஆர்டிஸ் ஹால்வர்சன், அடுத்த ஐந்து மாதம் அந்த மூலையை விட்டு நகர முடியாதவராகிப் போனார். அன்றைக்கு முட்டை டஜன் ஒரு டாலர் முப்பத்தொன்பது. பெட்ரோல் கேலனுக்கு இரண்டேகால் டாலர். காற்று தென்மேற்கிலிருந்து வீசியது. நூலகக் கடிகாரம் வழக்கம்போல ஏழு நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஆர்டிஸுக்கு அறுபத்து மூன்று வயது. அதே தெருவில் வாக்குவம் கிளீனர் ரிப்பேர் கடை வைத்திருந்த பெண்மணி. பழுது பார்த்து முடித்த இயந்திரம் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகத்தான் வந்தார். இடக்காலை எடுத்துச் சாலையில் வைக்கப் போனார், கால் போகவில்லை. வலக்காலை முயன்றார், அது இடக்காலைக் கேட்டுக்கொண்டு சொல்கிறேன் என்பதுபோல நின்றது. திரும்பிக் கடைக்கே போய்விடலாம் என்று நடந்தபோது பதினோரு அடி வரைக்கும் கால்கள் ஒழுங்காக வந்தன. பன்னிரண்டாவது அடியில் நின்றன. அவருடைய கடைக் கதவு பதினான்காவது அடியில் இருந்தது.

இதற்குக் காரணம் தேடி யாரும் கஷ்டப்படவில்லை. கெல்மர் நகர்மையக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் எல்ராய் புரோகாஸ்கா அரை மணி நேரத்துக்குள் கூட்டக் குறிப்பு எழுதும் மினிட்ஸ் புத்தகத்தோடு வந்து சேர்ந்தார். முப்பத்தொரு வருடம் செயலாளராக இருந்த மனிதர். அவர் எழுதிய எழுத்தை அழிக்கும் ரப்பர் மினசோட்டா மாநிலத்திலேயே கிடையாது என்பார்கள். மூலையில் நின்றபடியே கண்ணாடியை மாட்டி வாசித்தார்: "ஏப்ரல் பதினாலு. மூணாவது தெரு மூலையில நகராட்சி சிக்னல் வைக்கிற வரைக்கும் ஆர்டிஸ் ஹால்வர்சன் அந்த மூலையில் நிற்பதென்று தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர், ஆர்டிஸ் ஹால்வர்சன். வழிமொழிந்தவர், கோர்டி லின்ட். ஏகமனதாக நிறைவேறியது."

"எல்ராய், நான் எப்பய்யா முன்மொழிஞ்சேன்?" என்றார் ஆர்டிஸ்.

"சொன்னியே. 'சிட்டிக்காரன் சிக்னல் வைக்கிற வரைக்கும் நானே போய் அந்த மூலையில நிக்கிறேன், போதுமா'ன்னு. வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருக்கேன்."

"அது கோவத்துல சொன்னதுய்யா!"

"மினிட்ஸ்ல கோவத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது, ஆர்டிஸ்."

நடந்தது இதுதான். ஏப்ரல் கூட்டம் நூலகத்தின் நிலவறையில் நடந்தது. வந்தவர்கள் ஒன்பது பேர். அந்த மூலையில் பன்னிரண்டு மாதத்தில் நான்கு விபத்து. நான்காவதில் ஒரு பால் வண்டி ஹோதான் வார்சமேயின் டீக்கடைக்குள் மூக்கை நுழைத்து, சமோசா போன்ற சம்பூசா அடுக்கிய தட்டுக்கு ஒரு விரல் இடைவெளியில் நின்றிருந்தது. தெருவிளக்கு பாதி எரியவில்லை, கார்களின் கண்ணாடியை உடைத்துப் பொருள் எடுப்பது வாரத்துக்கு மூன்று. நகராட்சிக்கு எழுதிய கடிதங்களுக்கு, கடிதம் வந்து சேர்ந்தது என்ற பதில் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த ஆத்திரத்தில்தான் ஆர்டிஸ் எழுந்து கத்தினார். அதே நொடியில் சங்கத் தலைவி லவோன் ஸ்டென்ஸ்ருட் பின்வரிசையில் காபிக் கூஜாவோடு நின்று "இன்னொரு ரவுண்டு போகலாமா?" என்று கேட்க, கோர்டி லின்ட் "எனக்குச் சம்மதம்" என்றார். உடனே லவோன், எலுமிச்சைக் கேக்கில் ஒன்பது துண்டு மிச்சமிருக்கிறது, வேண்டியவர்கள் கை தூக்குங்கள் என்றார். ஒன்பது கையும் உயர்ந்தன. பேட்டரி தீரக் கூடாதென்று காது இயந்திரத்தை அணைத்து வைத்திருந்ததால் ஆர்டிஸின் கத்தலும் கோர்டியின் 'சம்மத'மும் மட்டுமே கேட்ட எல்ராய் தலையை நிமிர்த்தி ஒன்பது கைகளை எண்ணினார். அதில் ஆர்டிஸின் கையும் ஒன்று. லவோனின் எலுமிச்சைக் கேக்குக்காகக் கெல்மரில் மனிதர்கள் இதைவிடப் பெரிய ஆபத்துகளில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

மே மாதக் கூட்டத்தில் லவோன், "போன மாசத்து மினிட்ஸை வாசிச்சதா எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். எல்லோரும் "எடுத்துக்கலாம்" என்றார்கள். முப்பத்தொரு வருடமாக அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் காலை ஒன்பதேகால் வரைக்கும் ஆர்டிஸின் கால்களுக்கு விஷயம் தெரியவில்லை; பிறகு தெரிந்துவிட்டது.

விதிப்படி கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆள்கணக்கு, முப்பது பேர், ஏப்ரலில் வந்தது ஒன்பது, ஆகவே தீர்மானம் செல்லாது என்று லவோன் ஒரு வாதம் கொண்டுவந்தார். ஆர்டிஸின் கால்கள் அதை ஏற்கவில்லை. கோரம் இல்லை என்று அன்றைக்கே ஒருவராவது எழுந்து சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்லிப் பயனில்லை என்று எல்ராய் விளக்கினார். கால்களும் அதே கருத்தில் இருந்தன. நிறைவேறிய தீர்மானத்தை மாற்றுவதென்றால் எல்லா வீடுகளுக்கும் பத்து நாள் முன்னதாகக் கடிதம் போட வேண்டும், முப்பது பேர் நேரில் வர வேண்டும். சங்கக் கூட்டத்துக்கு முப்பது பேர் கடைசியாக வந்தது, தப்பித்துப் போன மாடு ஒன்று நூலகத்துக்குள் நுழைந்த வருடம்.

ஒரு நல்ல காலம், எல்ராய் நடைபாதை விளிம்பு என்று எழுதாமல் மூலை என்று எழுதியிருந்தார். மூலை என்ற சொல் தாராளமானது. அதற்குள் தபால் பெட்டியும் ஒரு விளக்குக் கம்பமும் அடங்கின, ஹோதானின் டீக்கடையும் அதன் பின்னறையும் கழிவறையும் அடங்கின. ஹோதான் பின்னறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார். முப்பத்தெட்டு வயது, மூன்று பிள்ளைகளின் தாய், கடை வாசலில் நின்று கூப்பிட்டால் ஆற்றின் மறுகரையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். ஆர்டிஸை அவர் 'அபாயோ' என்றுதான் கூப்பிடுவார். அவருடைய சோமாலி மொழியில் அக்கா தங்கையைக் கூப்பிடுகிற சொல் அது. அபாயம் ஒன்றும் இல்லை.

ஆர்டிஸ் நின்ற முதல் வாரத்தில் அந்த மூலையில் வாகனங்கள் தாமாக வேகம் குறைந்தன. இரண்டாவது வாரத்தில் எல்லாமே நின்று, இடம் வலம் பார்த்து, ஒன்றுக்கொன்று வழிவிட்டன. நாற்பது டன் பீட்ரூட் ஏற்றி வந்த லாரி ஒன்று அவ்வளவு மரியாதையாக நின்றதில், பின்னால் இருந்த பீட்ரூட்டுகள் அசையவே இல்லை. மேலே உட்கார்ந்திருந்த ஈ மட்டும் லாரி நின்றது தெரியாமல் அடுத்த ஊர்வரை பறந்து போனது. புறாக்கள் நடந்து கடந்தன, அதுவும் கோடு போட்ட இடத்தில். ஜூன் மாதம் கைப்பை ஒன்றைப் பறித்துக்கொண்டு ஓடிவந்த திருடன் மூலைக்கு வந்ததும், இல்லாத சிக்னலில் பச்சை விழக் காத்து நின்றான். போலீஸ் வந்து கையைப் பிடித்தபோதும், "ஒரு நிமிஷம் சார், இன்னும் சிவப்புதான்" என்றான். கார் கண்ணாடி உடைப்பது நின்றது. திருடிப் போன சைக்கிள்களைத் திருடர்களே ஓட்டிவந்து, காற்றடித்து, தபால் பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வருடமாகக் காலியாகக் கிடந்த செருப்புக் கடையும் முடிதிருத்தும் கடையும் ஒரே வாரத்தில் திறந்தன. ஆர்டிஸோ அன்று தூக்கி வந்த இயந்திரத்தை ஹோதானின் கடை மின்சாரத்தில் செருகி நடைபாதையைத் தினமும் இரண்டு வேளை வாக்குவம் பிடித்தார். கெல்மரின் நடைபாதையில் குழந்தைகளைத் தவழ விட்டார்கள் என்று சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் நம்புவதில்லை. அவர்கள் எதைத்தான் நம்பினார்கள்?

ஜூலையில் நகராட்சியின் போக்குவரத்துப் பொறியாளர் டாரல் க்விஸ்ட் வந்தார். இளைஞர், நல்ல பிள்ளை, கையில் எண்ணுகிற கருவி. மூன்று நாள் மூலையில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணினார். நான்காம் நாள் ஆர்டிஸிடம் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"மேடம், சிக்னல் வைக்கணும்னா பன்னிரண்டு மாசத்துல அஞ்சு விபத்து நடந்திருக்கணும். இங்க நாலுதான். நீங்க நிக்க ஆரம்பிச்சப்புறம் ஒண்ணுகூட இல்ல."

"சரி, நான் போயிட்டா?"

"நீங்க போயிட்டா நடக்கும். ஆனா சிக்னல் வந்தாத்தானே நீங்க போக முடியும்."

"சிக்னல் எப்ப வரும்?"

"விபத்து நடந்தா வரும்."

"விபத்து எப்ப நடக்கும்?"

டாரல் தன் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "நீங்க போனா," என்றார் பரிதாபமாக.

எல்ராய் இதை அப்படியே குறித்துக்கொண்டார். லவோனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "ஒரே ஒரு விபத்துதானே? நான் பண்ணித் தரேன்" என்று தன் பழைய காரை எடுத்து வந்து கோர்டி லின்ட்டின் வண்டியின் மேல் மோதப் பார்த்தார். கோர்டி ஹெல்மெட் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, மோதட்டும் என்று தைரியமாக உட்கார்ந்திருந்தார். லவோனின் கார் அரை அங்குலம் முன்னால் நின்றது. பின்னால் போய் வேகமாக வந்தார், நின்றது. ஐந்து முறை வந்தார். ஐந்தாவது முறை கார் நின்றதோடு தானாக விளக்கை அணைத்து அணைத்து எரித்து, கோர்டிக்கு வழியும் விட்டது. லவோன் இறங்கி அதன் டயரை உதைத்தார்.

இதெல்லாம் இருக்க, போகப் போக ஆர்டிஸ் அங்கே மகிழ்ச்சியாக இருக்கிறார் என்றே லவோன் உட்பட ஊர் நினைத்தது. அதற்குக் காரணம் கெல்மரின் ஒரு வழக்கம். அந்த ஊரில் யாராவது காபி வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால்தான், சரி, அரைக் கப் மட்டும் என்று சொல்லி இரண்டு கப் குடிக்கலாம். முதல் கேள்விக்கே சரி என்பவன் பேராசைக்காரன், மூன்று தடவை கேட்காதவன் கஞ்சன். வீட்டுக்குள் இது சிக்கலில்லாமல் நடக்கும். தெரு மூலையிலோ ஆட்கள் கடந்துகொண்டே கேட்கிறார்கள். "ஏதாச்சும் உதவி வேணுமா ஆர்டிஸ்?" "வேணாம் வேணாம்." "நெசமாவா?" "எனக்கென்ன குறை, நல்லாத்தான் இருக்கேன்." அதற்குள் சாலையின் எதிர்ப்பக்கம் வந்துவிடும். மூன்றாவது கேள்வி எதிர்ப்பக்கத்து நடைபாதையில் கரைந்துபோகும். இப்படி ஐந்து மாதத்தில் ஏறத்தாழ பதினோராயிரம் தடவை ஆர்டிஸ் இரண்டாவது கேள்வியோடு நிறுத்தப்பட்டார். ஜூன் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள், ஜூலையில் ஏழு, ஆகஸ்டில் பலரும் விடுமுறைக்கு ஏரிக்குப் போயிருந்ததால் நான்கு. யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுடைய தெரு நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிற தெருவைப் பற்றிப் பேச யாரும் நிலவறைக்கு இறங்குவதில்லை.

அக்டோபர் முதல் தேதி வியாழக்கிழமை ஹோதானின் கடைத் தொலைபேசிக்கு ஒரு அழைப்பு வந்தது. டுலூத்திலிருந்து ஆர்டிஸின் தங்கை வெர்னா; வாக்குவம் கடையில் யாரும் எடுக்காததால் பக்கத்துக் கடை எண்ணைத் தேடிப் பிடித்திருந்தார். இருவரும் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் இறுதிச் சடங்கு விருந்தில் வெர்னா செய்து வந்த உருளைக்கிழங்கு சாலட்டை வாயில் வைத்துவிட்டு ஆர்டிஸ் "வித்தியாசமா இருக்கே" என்று சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தில் இதைவிடக் கடுமையான வசைச்சொல் கிடையாது. இதற்காக நிச்சயதார்த்தங்கள் முறிந்திருக்கின்றன.

"வர்ற பதினாலாம் தேதி காலையில எனக்கு இதயத்துல ஆபரேஷன்" என்றார் வெர்னா. "வால்வு மாத்தணுமாம். உன்னை வரச் சொல்லிக் கேக்கல. சும்மா சொன்னேன்."

"வெர்னா, நான் வரணும்னுதான்... என்னால இங்கேர்ந்து நகர முடியாதுடி. மூலையில மாட்டிக்கிட்டேன்."

"மூலையில?"

"தீர்மானம் போட்டுட்டாங்க. கால் வரமாட்டேங்குது."

"அம்மா சாவுக்கு அப்புறம் உனக்கு ஆயிரம் சாக்கு" என்றார் வெர்னா. "ஆனா இதை ஒத்துக்கணும். இது வித்தியாசமா இருக்கு." தொலைபேசி வைக்கப்பட்டது.

ஆர்டிஸ் வெளியே வந்து தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெரு சுத்தமாக இருந்தது. கார்கள் நின்று வழிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. வடக்கே போகும் பெருவழி அங்கிருந்து ஆறு கட்டடம் தள்ளி ஆரம்பித்தது. டுலூத் நூற்றுத் தொண்ணூறு மைல். தங்கை கத்தியின் கீழ் படுக்கும்போது, அக்கா பொய் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டே படுப்பாள். பிழைக்காமல் போனால் அந்த நினைப்பு அப்படியே நின்றுவிடும். அதை மாற்ற எந்தச் சங்கத்துக்கும் கோரம் போதாது. லவோன் அந்தப் பக்கமாக வந்தார். ஆர்டிஸின் முகத்தைப் பார்த்துவிட்டு "என்னடி, ஏதாச்சும் பண்ணட்டுமா?" என்றார். ஆர்டிஸின் வாய் பழக்கதோஷத்தில் "வேணாம்டி" என்றது. "நெசமாவா?" "எனக்கென்ன." லவோன் கடந்து போய்விட்டார்.

கடை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹோதான் டீத்தம்ளரைக் கீழே வைத்தார்.

"அபாயோ, நான் ஒரு தடவைதான் கேப்பேன். எங்க வீட்ல மூணு தடவை கேக்கற பழக்கம் கிடையாது, மூணு தடவை ஊட்டி விடற பழக்கம்தான். உங்களுக்கு டுலூத் போகணுமா, வேணாமா?"

ஆர்டிஸின் உதடுகள் 'வே' என்று குவிந்தன. பிறகு அறுபத்து மூன்று வருடப் பழக்கத்தை ஒரே மூச்சில் உடைத்துக்கொண்டு, "போகணும்" என்றார்.

முதல் கேள்விக்கே. ஊர் அதிர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை. தபால் பெட்டியின் மூடி தானாகத் திறந்துகொண்டது, நூலகக் கடிகாரம் திடுக்கிட்டு ஏழு நிமிடம் முன்னால் ஓடிச் சரியான நேரத்துக்கு வந்தது, இரண்டு தெரு தள்ளி நடந்துகொண்டிருந்த லவோன் எதற்கென்று தெரியாமல் திரும்பி ஓடி வந்தார்.

"எனக்குப் போகணும் லவோன். உதவி பண்ணு."

"அடிப் பாவி! நீ இங்க சந்தோஷமா இருக்கன்னுல்ல நெனச்சேன்!"

"நீ மூணாவது தடவை கேக்கவே இல்லையே."

லவோன் அங்கேயே, நடுத்தெருவில், மூக்கைச் சிந்தி அழுதார். கார்கள் எல்லாம் காத்திருந்தன.

சங்கம் கூடுவது மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை; அந்த அக்டோபரில் அது பதின்மூன்றாம் தேதி. பத்து நாள் முன்னறிவிப்பு வேண்டுமென்றால் மூன்றாம் தேதிக்குள் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் கடிதம் தபாலில் விழ வேண்டும். எல்ராய் இரண்டு நாள் தூங்காமல் கையால் எழுதினார். அச்சடித்தால் மினிட்ஸுக்கு மரியாதை இல்லை என்று பிடிவாதம். தபால்தலைகளை நக்கி நக்கி அவர் நாக்கு ஒரு வாரத்துக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, ஊரே அந்த அமைதியை அனுபவித்தது. அதே நாட்களில் ஆர்டிஸ் மூலையைக் கடந்த ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டார். "செவ்வாய்க்கிழமை வந்து கை தூக்குவீங்களா? என் தங்கச்சிக்கு ஆபரேஷன். நான் போகணும்." முதல் நாள் இதைச் சொல்லும்போது அவர் முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போனது. கேட்டவர்களுக்கும் போனது. மூன்றாம் நாளில் பழகிவிட்டது. ஐந்து மாதமாக எல்லாருடைய வாடகைத் தகராறையும் முழங்கால் வலியையும் அந்த மூலையில் நின்று கேட்டவர் ஆர்டிஸ். அவருடைய சங்கதி ஒன்றை ஊர் இப்போதுதான் முதல் முறையாகக் கேட்டது.

கூட்டத்தை நூலக நிலவறையில் வைத்தால் ஆர்டிஸ் வர முடியாது என்பதால் மூலையிலேயே வைத்தார்கள். பதின்மூன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்கு ஈரப்பனி தூறிக்கொண்டிருந்தது. முப்பது பேர் தேறுவார்களா என்று எல்ராய் தபால் பெட்டியின் மேல் காகிதத்தை விரித்து எண்ண ஆரம்பித்தார். முடிதிருத்தும் கடைக்காரர் ஒரு பக்கம் மழித்த வாடிக்கையாளரோடு வந்தார். வங்கிக் கட்டடத்தின் மேல்மாடிக்காரர்கள் வந்தார்கள், தேவாலயப் பாடகர் குழு வந்தது, ஹோதானின் ஆட்கள் நான்கு வண்டியில் வந்தார்கள். முப்பதைத் தாண்டி, நூறைத் தாண்டி, இருநூற்றுப் பன்னிரண்டில் எல்ராயின் பென்சில் தேய்ந்துபோனது. ஹோதான் ஆறு தட்டு சம்பூசா பொரித்து வைத்திருந்தார். ஓட்டு எண்ணி முடியும்வரை யாருக்கும் எந்தத் தின்பண்டமும் கிடையாது, காபியைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று எல்ராய் உத்தரவு போட்டு, காது இயந்திரத்துக்குப் புதுப் பேட்டரி போட்டுக்கொண்டார்.

ஆர்டிஸின் பெயரை அடித்துவிடலாம் என்று லவோன் சொன்னார். அடித்துவிட்டால் அந்த இடம் காலியாகும், காலியிடத்தோடு ஒரு தீர்மானம் நின்றால் அது யார் காலைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது என்றார் எல்ராய். எல்லோரும் நடைபாதையிலிருந்து சற்றுப் பின்வாங்கினார்கள். கோர்டி லின்ட் தொண்டையைக் கனைத்தார்.

"தப்பா எடுத்துக்காத ஆர்டிஸ். நீ போயிட்டா மூலை பழையபடி ஆயிடும். அந்தப் பால் வண்டி ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு கோர்டி. அதனாலதான் அன்னிக்குக் கத்தினேன்."

"அப்ப யாரு நிக்கிறது?"

இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். கெல்மர் வரலாற்றில் காலணிகள் அவ்வளவு கவனமாகப் பார்க்கப்பட்டதில்லை. பனி தூறிக்கொண்டிருந்தது. மணி ஐந்து நாற்பது. டுலூத்தில் வெர்னாவுக்கு இரவுச் சாப்பாடு கிடையாது என்று அந்நேரம் யாரோ ஒரு நர்ஸ் சொல்லியிருப்பார்.

"எல்லாரும்" என்றார் ஹோதான். "ஆர்டிஸ் ஹால்வர்சன்கிறதை அடிச்சிட்டு, சங்கத்துல இருக்கற எல்லாரும் முறை வச்சு, ஆளுக்கு அரை மணின்னு போடுங்க. பகல் வெளிச்சம் இருக்கற வரைக்கும் போதும். ராத்திரி கடையை மூடுனப்புறம் இந்த ஊர்ல எவன் வண்டி ஓட்டுறான்?"

"கால் ஒட்டிக்குமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒட்டிக்கும்" என்றார் ஆர்டிஸ். "வலிக்காது. கொஞ்சம் கூச்சமா இருக்கும், அவ்வளவுதான். எல்ராய், என் பேரையும் லிஸ்ட்ல போடு. திரும்பி வந்து என் அரை மணியை நான் நிப்பேன். அரை மணி யாரால முடியாது? அஞ்சு மாசம்தான் முடியல."

அதற்கப்புறம் பேச ஒன்றுமில்லை. வழிமொழிவது யார் என்று எல்ராய் கேட்க, கோர்டி லின்ட் "நான்" என்றார். "'நான்'னா, எதுக்கு?" என்றார் எல்ராய் சந்தேகத்தோடு. "வழிமொழியறதுக்குய்யா! வயித்துக்கு இல்ல!" கைகள் உயர்ந்தன. அந்த மூலையில் அவ்வளவு கைகள் உயர்ந்ததில் சிறிது நேரம் பனியே கீழே விழ இடமில்லாமல் கையுறைகளின் மேல் தங்கியது. ஆதரவு இருநூற்றொன்பது, எதிர்ப்பு மூன்று. எல்ராய் எழுதினார். எழுதிய தாளை உடனே உரக்க வாசித்து, அடுத்த மாதம்வரை காத்திருக்காமல் அங்கேயே ஒப்புதல் வாங்கினார். முப்பத்தொரு வருடத்தில் மினிட்ஸ் உண்மையாகவே வாசிக்கப்பட்டது அன்றுதான். கூட்டம் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக் கேட்டது.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஆர்டிஸ் நடந்தார். பதினோரு அடி. பன்னிரண்டாவது அடியைக் காலின் நுனியால், ஆற்றுத் தண்ணீரில் வைப்பதுபோல வைத்துப் பார்த்தார். தரை வாங்கிக்கொண்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதில் விளக்குக் கம்பத்துக் கொடி நேராக நின்றது, பக்கத்து மாவட்டத்தில் அதைத் தென்றல் என்று பதிவு செய்திருக்கிறார்கள். லவோன் காரை ஓட்டி டுலூத் போவதாக ஏற்பாடு. ஆனால் முதல் அரை மணி தலைவியுடையது என்பது விதி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடப் போனவரின் கால்கள் அங்கேயே நின்றன. "ஐயோ, வந்துடுச்சு!" என்று கத்தினார் லவோன், கத்தும்போதே சிரித்தார், சாவியை ஹோதானிடம் எறிந்தார். "போங்கடி, போங்க! ஆறே காலுக்கு எனக்கு விடுதலை!" ஆறு இருபத்திரண்டுதான் சரியான நேரம். ஆறு இருபத்திரண்டுக்கு லவோன் காலடி எடுத்து வைத்து நடந்தார். அடுத்த ஆள் எல்ராய், புத்தகத்தோடு நின்றார்.

ஹோதான் காரை ஓட்டினார். வழியெல்லாம் ஒவ்வொரு பெட்ரோல் நிலையத்திலும் ஆர்டிஸ் இறங்கி, காரணமில்லாமல் இருபது அடி நடந்து, திரும்பி வந்து ஏறிக்கொண்டார். ஹோதான் என்ஜினை அணைக்காமல் காத்திருந்தார்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு, சக்கரக் கட்டிலில் கொண்டுபோகத் தயாராக இருந்த வெர்னா கண்ணைத் திறந்தபோது அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வெர்னா முதலில் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தார்.

"கழண்டுச்சா?"

"கழண்டுச்சு."

"எவ்வளவு ஓட்டு?"

"இருநூத்தி ஒம்பதுக்கு மூணு."

"யார்டி அந்த மூணு பேரு?" வெர்னாவுக்குக் கோபத்தில் நிறம் வந்தது. "பேரை எழுதி வை. பொழச்சு வந்து பேசிக்கறேன்."

பிழைத்து வந்தார். நான்கரை மணி நேரம் ஆனது. புது வால்வின் சத்தம் டுலூத் துறைமுகத்துக் கப்பல்களுக்குக் கேட்டு, இரண்டு கப்பல்கள் அதற்கேற்ப இயந்திரத்தைத் திருத்திக்கொண்டன. ஆர்டிஸ் மூன்று வாரம் அங்கே இருந்து உருளைக்கிழங்கு சாலட் செய்து கொடுத்தார். வெர்னா இரண்டு வேளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் வேளை சாப்பிட்டார். ருசி எப்படி என்று இருவரும் பேசவில்லை.

கெல்மரில் முறை நடந்தது, நடக்கிறது. குளிர்காலத்தில் அரை மணிக்காரருக்குக் கம்பளியும் சூடான டீயும் ஹோதானின் கடையிலிருந்து வரும். பல் மருத்துவர் நேரம் கொடுக்கும்போது முதலில் மூலைப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறார். மூலைக்கு வருகிறவர்கள் நின்றவருடன் பேசாமல் போக முடியாததால், நானூற்றுப் பன்னிரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்டார்கள். இதனால் சண்டைகள் கூடியிருக்கின்றன, ஆனால் கதவைப் பூட்டுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். சங்கக் கூட்டத்துக்கு இப்போது நாற்காலி போதவில்லை. நகராட்சி வருடந்தோறும் விபத்துகளை எண்ணி, பூஜ்யம் என்று எழுதி, சிக்னல் மனுவைத் திருப்பி அனுப்புகிறது. எண்ணுகிற டாரல் க்விஸ்ட் 2012இல் வங்கிக் கட்டடத்தில் வீடெடுத்துக் குடிவந்துவிட்டார், திங்கட்கிழமை பன்னிரண்டரை மணி அவருடையது. எதிர்த்து ஓட்டுப் போட்ட மூன்று பேருக்கும் சனிக்கிழமை கிடைத்தது. அதை எல்ராய் திட்டமிட்டுச் செய்யவில்லை என்றே மினிட்ஸ் சொல்கிறது.

சென்ற வசந்தத்தில் வெளியூரிலிருந்து ஒரு பெண், புதிதாக வேலைக்கு வந்தவர், மூன்றாம் தெருவில் வாடகைக்கு வீடு பார்க்க வந்தார். வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டினார்: இரண்டு படுக்கையறை, வெந்நீரும் கணப்பும் வாடகையில் அடக்கம், பூனை வளர்க்கலாம், துணி துவைக்கும் இயந்திரம் கீழ்த்தளத்தில், வியாழக்கிழமை மூன்றரையிலிருந்து நான்குவரை மூலையில் கால் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெண் ஜன்னல்களைத் திறந்து மூடிப் பார்த்தார், குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். வியாழக்கிழமை தனக்கு நீச்சல் வகுப்பு இருக்கிறது, புதன்கிழமைக்கு மாற்றித் தர முடியுமா என்று மட்டும் கேட்டார்.